விழுங்குவதற்கல்ல

கடலூர் முதுநகர் மெடிக்கலில்
மூன்றாவது தட்டு என் பொறுப்பு.
வெயில் சாய்கிற நாலரை மணிக்கு
வாய் கொப்பளிக்கிற பாட்டில்கள் வழியே
நீலமும் பச்சையும் பழுப்பும்
கல்லாப்பெட்டி மேல் விழும்.
கொஞ்ச நேரம்
சில்லறை எண்ணாமல் பார்ப்பேன்.

நீலம் எரியும். அதில் சாராயம் உண்டு.
பாண்டி போய் ஆல்பேட்டை வழியாகத் திரும்புகிறவர்கள்
வீட்டுக்கு முன்னால் வாங்குவது அதைத்தான்.
சாராய வாடையைச் சாராயத்தால் கழுவி
புதினாக் கட்டுபோல் உள்ளே நுழைந்து
வாசலிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.
"ராத்திரி பத்து மணிக்கு
எந்த மனுசன் இவ்வளவு மணப்பான்?"
என்று பாட்டிலோடு வந்து கேட்டாள் ஒருத்தி.
மாற்றித் தர முடியாது அக்கா,
சீல் உடைத்தாயிற்று.

இளஞ்சிவப்பு, குளோர்ஹெக்சிடின்.
ஈறு வீங்கினால், பல் பிடுங்கினால்.
பல் தேய்த்து அரைமணி கழித்து,
இரண்டு வாரம்,
டாக்டர் சொல்லாமல் அதற்கு மேல் வேண்டாம் என்பேன்.
பத்திரம் எழுதுகிற ஞானப்பிரகாசம்
ஆறு மாதம் விடாமல் கொப்பளித்தார்.
பல்லெல்லாம் இப்போது
டீ கிளாஸின் அடிநிறம்.
கருவாட்டுக் குழம்பில் உப்பே இல்லையென்று
தினமும் வீட்டில் சண்டை.
உப்பு இருந்தது.
நாக்குதான் லீவில் போயிருந்தது.

ஃப்ளூரைடு, பல் சொத்தை விழாமலிருக்க.
ஆறு வயதுக்கு மேல்,
அதுவும் துப்பத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும்.
"துப்பத் தெரியுமா?" என்றேன்
சோனாங்குப்பத்துப் பையனிடம்.
எதிர்க்கடை வரைக்கும் நிரூபித்தான்.

பவுனம்மா கேட்டது இது எதுவுமில்லை.

துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவள்.
காற்று எங்கள் பக்கம் திரும்பினால்
ஷட்டர் தூக்கும்போதே அவள் விலை கேட்கும்.
இப்போது கோரிமேட்டில் கரண்டு வைக்கிறார்கள்,
தாடைக்குக் கீழே, முப்பத்து மூன்று தடவை.
பத்தொன்பது ஆகிவிட்டதாம், மகள் சொன்னாள்.
இவள் சீட்டை மட்டும் நீட்டினாள்.
வாயெல்லாம் புண்.

பென்சிடமின். பச்சை.
"சாப்பிடறதுக்கு முன்னால பதினைஞ்சு மில்லி,
முப்பது எண்ணித் துப்பணும்.
வாய் கொஞ்ச நேரம் மரத்துப்போவும்,
அதுக்குள்ள கஞ்சிய இறக்கிடணும்.
நீலத்துப் பக்கம் போவவே கூடாது."
அட்டையின் பின்பக்கம் இதையும் எழுதினேன்:
வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளர்,
அரை ஸ்பூன் உப்பு, அரை ஸ்பூன் சோடா உப்பு,
நாளுக்கு அஞ்சாறு தடவை.
முதலாளி முறைத்தார்.
அதற்குப் பில் போட முடியாது.

மரப்பு எவ்வளவு நேரம் நிற்கும் என்று
விரலால் கேட்டாள்.
ஆளுக்கு ஆள் மாறும் என்றேன்.
விலை சொல்லத் தயங்குகிற வியாபாரியைப்
பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனேன்.
விசைப்படகு ஒதுங்கி, பெட்டி இறங்குகிற நேரம்.
ஐஸ் குவியலுக்குப் பின்னால் பவுனம்மா
மூடியில் அளந்து ஊற்றி, கண்ணை மூடி,
ஒரு கன்னம் மாற்றி ஒரு கன்னம் உப்ப
எண்ணிக்கொண்டிருந்தாள்.
துப்பினாள். முந்தானையில் துடைத்தாள்.
பக்கத்தில் கஞ்சித் தூக்கு.
அதைத் திறக்கவே இல்லை.
நேரே போய்க் கூடையருகே நின்று
"சங்கரா! ஆயிரத்து நானூறு! நானூறு! நானூறு!"

றகரம் வழுக்கியது.
பாதி விலையை விரல்தான் சொன்னது.
இருந்தும் கூட்டம் நெருங்கி வந்தது,
ஒருத்தன் நூறு ஏற்றினான்,
இன்னொருத்தன் ஐம்பது.

சாப்பிடுவதற்கு முன் என்றுதான்
லேபிளில் இருக்கிறது.
சொல்லலாமென்று ஓரடி வைத்தேன்.
பார்த்துவிட்டாள். விலையை நிறுத்தாமலே,
"ஆயிரத்து அறுநூறு, மெடிக்கல் பொண்ணு கேக்குறா,
அறுநூறு, அறுநூறு!"
எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

கையில் இருந்தது இருநூறு ரூபாய்.
நான் வாயைத் திறக்கவில்லை.